ஞாபகப் பொருள்களுக்கு ஆல்பத்தில் அலங்காரப் பைகள்: அளவெடுப்பதிலிருந்து அலங்காரம்வரை

அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு ஸ்கிராப்புக் ஆல்பம் செய்வது என்று முடிவானதும் அம்மாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினோம். உள்ளே பழைய அட்டை ரயில் டிக்கெட்டுகள், கல்யாணத்துக்கு வந்த வாழ்த்துத் தந்தி, நூலால் கட்டிய இன்லேண்டு கடிதங்கள், ஒரு காகித மடிப்பில் என் முதல் மொட்டையின் முடி, நாங்கள் எப்போதோ காலி செய்த வாடகை வீட்டின் சாவி. எனக்கோ அவசரம். முதல் பக்கத்திலேயே ஒரு ரயில் டிக்கெட்டை எடுத்து, பின்னால் வெள்ளைப் பசை தடவி, அழுத்தி ஒட்டிவிட்டேன்.

அம்மா எட்டிப் பார்த்தார். "ஏண்டி, அதுக்குப் பின்னாடி அப்பா பென்சில்ல என்னமோ எழுதி வச்சிருந்தாரே?"

அந்தப் பென்சில் எழுத்து இனி யாருக்கும் கிடைக்காது. அன்றிலிருந்து நான் எந்த ஞாபகப் பொருளையும் பக்கத்தில் நேராக ஒட்டுவதில்லை. பை செய்து அதற்குள் வைக்கிறேன். கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க முடியாத கடிதம் வெறும் படம்தானே! கீழே சொல்லும் ஐந்து வகைப் பைகளும் அந்த ஆல்பத்துக்காகச் செய்து, கிழித்து, மறுபடி செய்து கற்றவை.

பொருளை அளந்த பிறகே தாளை வெட்டுங்கள்

பலரும் அழகான பை ஒன்றைச் செய்துவிட்டு, அதில் எதை வைக்கலாம் என்று தேடுவார்கள். தலைகீழ் வேலை அது. முதலில் எல்லாப் பொருளையும் ஒரு வெள்ளைத் துணிமேல் பரப்புங்கள். ஒவ்வொன்றின் அகலம், உயரம், தடிமன் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். தடிமனைத்தான் எல்லோரும் மறக்கிறோம். ஒரு கடிதம் ஒன்றுமில்லை. பத்துக் கடிதம் சேர்ந்தால் ஒரு சென்டிமீட்டர் வந்துவிடும்.

அளக்கும்போதே இரண்டு வேலைகளை முடித்துவிடுங்கள். ஒன்று, குண்டூசி, ஸ்டேப்ளர் பின், ஜெம் கிளிப் எல்லாவற்றையும் கழற்றி எடுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் அவை துருப்பிடித்து, காகிதத்தில் காப்பிக்கறை மாதிரி படிந்து, ஓட்டையும் போடும். இரண்டாவது, வழவழப்பான சீட்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள். பஸ் கண்டக்டரின் கையடக்க மெஷினில் வரும் டிக்கெட், ஏ.டி.எம். சீட்டு, கடை பில் போன்றவை பெரும்பாலும் வெப்பத்தால் அச்சாகும் தாள். அதில் மை கிடையாது. சூட்டிலும் வெளிச்சத்திலும் எழுத்து மங்கி, சில வருடங்களில் வெற்றுத்தாள் மட்டும் மிஞ்சும். நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள், கறுப்புக் கோடு விழுந்தால் அந்த வகைதான். (ஓரத்தில் கீறுங்கள், நடுவில் வேண்டாம்.) இன்றைக்கே அதை ஜெராக்ஸ் எடுத்து, அசலோடு நகலையும் சேர்த்துப் பையில் வையுங்கள்.

தாள், பசை, கருவி

பக்கத்துக்கு 220 முதல் 300 ஜி.எஸ்.எம். வரை தடிமனான அட்டை வேண்டும். (ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு.) பைக்கு 120 முதல் 160 போதும். சாதாரண ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 75 ஜி.எஸ்.எம். தான், அதில் பை செய்தால் வாய்ப்பக்கம் ஒரே மாதத்தில் கிழியும். ஸ்டேஷனரி கடையில் ஆசிட் ஃப்ரீ, அதாவது அமிலம் இல்லாதது, என்று அச்சிட்ட தாள் கிடைத்தால் பணம் கொஞ்சம் அதிகமானாலும் அதையே வாங்குங்கள். செய்தித்தாளை மாடி வெயிலில் ஒரு வாரம் போட்டால் எப்படிப் பழுப்பாகிறதோ, மலிவான தாளும் அட்டையும் அதையேதான் மெதுவாகச் செய்கின்றன. தினசரி காலண்டரின் பின் அட்டை தடிமனாக இருக்கிறதே என்று எனக்கும் ஆசை வந்தது. அது பழுப்பேறும் ரகம். பொருளில் நேராகப் படும் இடத்தில் வேண்டாம்.

இன்னொரு விஷயம் உண்டு. ஆலையில் செய்த தாளுக்கு ஒரு இழைத் திசை இருக்கும். ஒரு துண்டை நெடுக்கிலும் குறுக்கிலும் கிழித்துப் பாருங்கள். நேராகக் கிழிகிற திசைதான் இழை. அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு கத்தி போல விழும். குறுக்கே மடித்தால் விளிம்பில் வெள்ளையாக வெடிக்கும். நீளமான மடிப்பு எதுவோ அது இழையோடு போகும்படி தாளைத் திருப்பி வைத்து வெட்டுங்கள்.

பசையில் நான் இரண்டைத்தான் நம்புகிறேன். மெல்லிய விளிம்புகளுக்கு டபுள் சைடு டேப், பெரிய பரப்புக்கு வெள்ளைப் பசை. வெள்ளைப் பசையை அப்படியே பிதுக்கி ஊற்றினால் பக்கம் அப்பளமாக வளைந்துவிடும். பழைய பிரஷ்ஷால் மெல்லியதாக இழுத்துத் தடவி, மேலே பட்டர் பேப்பர் போட்டு, நாலு தடிமனான புத்தகங்களை ஏற்றி இரவு முழுக்க விடுங்கள். சாதாரண செல்லோ டேப் வேண்டவே வேண்டாம். சில வருடங்களில் மஞ்சளாகி, பிசுபிசுத்து, பிறகு டேப் மட்டும் உதிர்ந்து கறை நிற்கும். பைண்டிங் கடைகளில் மயில்துத்தம் கலந்து காய்ச்சும் மைதாப் பசையும் வேண்டாம். மயில்துத்தம் விஷம், தாளுக்கும் நல்லதல்ல. அது இல்லாமல் காய்ச்சினால் பூச்சிக்கு விருந்து.

கருவிகள் வீட்டிலேயே இருக்கும். ஸ்டீல் ஸ்கேல், கட்டர், கத்தரிக்கோல், அடியில் போட ஒரு பழைய பிளாஸ்டிக் பலகை. மடிப்புக்கோடு இழுக்க மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனா. மடித்த பிறகு நீவிவிட ஒரு ஸ்பூனின் பின்புறம். மடிக்கும் முன் எப்போதும் கோடு இழுத்துக்கொள்ளுங்கள், கையால் நேராக மடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள்.

முதல் பை: மூன்று பக்கம் ஒட்டி ஒரு பக்கம் திறப்பு

இதில் கை படிந்துவிட்டால் மற்றவை எல்லாம் இதன் பிள்ளைகள். உதாரணத்துக்கு நம் தபால் கார்டை எடுத்துக்கொள்வோம். 14 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரம். கார்டின் தலை 1.5 செ.மீ. வெளியே தெரிய வேண்டும் என்றால் பையின் ஆழம் 7.5 செ.மீ.

உள் அகலத்துக்கு இரு பக்கமும் 3 மி.மீ. தாராளம் விடுங்கள். 14.6 செ.மீ. ஆனது. ஒட்டும் விளிம்பு இடப்பக்கம் 1.2, வலப்பக்கம் 1.2. மொத்த அகலம் 17 செ.மீ. உயரத்தில், ஆழம் 7.5, கீழ் விளிம்பு 1.2, வாய்ப்பக்கம் உள்ளே மடித்துவிட 1.2. மொத்தம் 9.9 செ.மீ. ஆக, 17 × 9.9 செ.மீ. துண்டு ஒன்று.

அதில் நான்கு ஓரத்திலிருந்தும் 1.2 செ.மீ. உள்ளே தள்ளிக் கோடு இழுங்கள். நான்கு மூலையிலும் உருவாகும் 1.2 செ.மீ. சதுரங்களை வெட்டி எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் மூலையில் தாள் மூன்று அடுக்காகப் புடைக்கும். முதலில் மேல் விளிம்பைப் பின்பக்கம் மடித்து ஒட்டுங்கள். பையின் வாய் கிழியாமல் இருப்பது இந்த மடிப்பால்தான், புடவைக்கு ஃபால்ஸ் மாதிரி. பிறகு வாயின் நடுவில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தைப் பாதி வெளியே தெரியும்படி வைத்து, சுற்றிப் பென்சிலால் வரைந்து வெட்டுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மி.மீ., கட்டைவிரல் நுழைய அளவாக இருக்கும். இந்தப் பிறை வெட்டு அழகுக்காக அல்ல. அது இல்லையென்றால் பொருளை எடுக்க ஆல்பத்தைக் கவிழ்த்து உலுக்க வேண்டியிருக்கும்.

இனி மூன்று விளிம்புகளையும் பின்னால் மடித்து, பக்கத்தில் ஒட்டுங்கள். கீழ் விளிம்பில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பின்னால் மடிந்த அந்த விளிம்பின் ஓரம் பைக்குள் மேல்நோக்கி நிற்கும். பசை ஓரம்வரை போகாமல் விட்டால், ஒவ்வொரு முறை கார்டை உள்ளே தள்ளும்போதும் அதன் அடி அந்த ஓரத்தின் கீழே புகுந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துவிடும். அங்கே டேப்பை நம்பாமல் வெள்ளைப் பசையை ஓரம்வரை தடவுங்கள். ஓரத்தில் பிதுங்கினால் உடனே ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கார்டு உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். காயும்போது உள்ளே ஒரு பட்டர் பேப்பர் துண்டைச் செருகி வையுங்கள்.

தந்தி மாதிரியான பழைய தாளுக்கும் இதே பைதான், ஆனால் தனியே செருகக் கூடாது. எங்கள் வீட்டுத் தந்தியில் வாசகம் அச்சான காகிதக் கீற்றுகள் படிவத்தின்மேல் ஒட்டியிருந்தன, பசை வறண்டு ஒன்று ஏற்கெனவே உதிர்ந்துவிட்டது. தந்தியின் அளவுக்கு ஒரு அட்டை வெட்டி, அதன் நான்கு மூலையிலும் சிறு முக்கோணக் காகிதக் காதுகள் ஒட்டி, அதில் தந்தியைச் செருகி, அந்த அட்டையோடு சேர்த்துப் பையில் வைத்தேன். உருவும்போது இழுபடுவது அட்டை மட்டும். 2013 ஜூலையில் தந்திச் சேவையே நின்றுபோனது. பேரப்பிள்ளைகள் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது என்ன பாட்டி, பிரிண்ட் எடுத்த மெசேஜா?" என்பார்கள்.

இரண்டாவது: டிக்கெட் அடுக்கு

அந்தக் கால அட்டை டிக்கெட் சுமார் 5.7 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலம். 1830-களில் தாமஸ் எட்மண்ட்சன் என்ற இங்கிலாந்து ஸ்டேஷன் மாஸ்டர் உருவாக்கிய முறை அது. உலகம் முழுக்கப் பரவி, நம் ஸ்டேஷன் கவுண்டர்களிலும் பல தலைமுறை ஓடியது. கவுண்டருக்குள் அந்த டிக்கெட்டுகள் அடுக்கு அடுக்காக மர அலமாரியில் தலை நீட்டிக்கொண்டிருக்கும். அதே போலப் பக்கத்திலும் வைக்கலாம் என்று தோன்றியது. ஒரே தாளில் மடிப்பு மடிப்பாக மூன்று பைகள்.

7.5 செ.மீ. அகலம், 19.6 செ.மீ. நீளத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்கள். 100 முதல் 120 ஜி.எஸ்.எம். போதும், தடிமன் கூடினால் மடிப்புகள் புடைக்கும். மேலிருந்து 4, 6, 9.2, 11.2, 14.4, 16.4, 18.4 செ.மீ. என ஏழு இடத்தில் குறுக்காக மடிப்புக்கோடு இழுங்கள்.

பட்டையை மேசையில் நிமிர்த்தி வையுங்கள். 4 செ.மீ. கோட்டில் கீழ்ப்பகுதியை உங்கள் பக்கமாக மேலே மடியுங்கள். 6-இல் அதையே கீழே மடியுங்கள். முதல் பை ஆயிற்று. 9.2-இல் மேலே, 11.2-இல் கீழே; இரண்டாவது. 14.4-இல் மேலே, 16.4-இல் கீழே, மூன்றாவது. மிஞ்சிய 1.2 செ.மீ. வாலை 18.4-இல் பின்பக்கமாக மடித்துவிடுங்கள். இப்போது மொத்த உயரம் 6.4 செ.மீ. இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒரு கோடு தப்பு. ஒவ்வொரு பையும் 2 செ.மீ. ஆழம், ஒன்றுக்கொன்று 1.2 செ.மீ. இறக்கம். 3 செ.மீ. டிக்கெட்டை வைத்தால் 1 செ.மீ. வெளியே தலை நீட்டும்.

பக்கவாட்டு இன்னும் திறந்திருக்கிறது. அதைப் பக்கத்தோடு வைத்துத் தைத்துவிடுவதே உறுதி. ஓரத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே, 4 மி.மீ. இடைவெளியில் ஊசியால் முதலில் துளை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு இரட்டை நூலால் எதிர்த்தையல் (பேக் ஸ்டிச்). துளை போடாமல் நேராகத் தைத்தால் தாள் சுருங்கும், விரலும் குத்துப்படும். தையல் வராதவர்கள் இரு ஓரத்திலும் 1 செ.மீ. அகலக் காகிதப் பட்டையைப் பாதி பைமேலும் பாதி பக்கத்தின்மேலும் வருகிறமாதிரி ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சிவப்பு நூல் தையல் தரும் அழகு பட்டைக்கு வராது, சொல்லிவிட்டேன்.

மூன்றாவது: விசிறி மடிப்புப் பை

நூலால் கட்டிய கடிதக் கட்டு, சாவி, சின்ன நோட்டு போன்ற தடித்த பொருளுக்குத் தட்டையான பை தாங்காது. இதற்குப் பக்க விளிம்பில் ஒரு மடிப்புக்குப் பதில் இரண்டு. ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

கட்டு 10 செ.மீ. அகலம், 1 செ.மீ. தடிமன் என்றால் துருத்தியின் ஒவ்வொரு மடிப்பும் 1 செ.மீ. இந்த மடிப்புகள் பைக்குள்ளே V போல நீட்டிக்கொண்டு இடத்தைத் தின்னும். அதனால் முன்பக்க அகலத்தில் இரு பக்கமும் ஒரு சென்டிமீட்டர் கூட்ட வேண்டும். 10 + 2, தாராளத்துக்கு 0.4, ஆக 12.4. அதோடு இரு பக்கமும் 1 + 1 செ.மீ. துருத்தி சேர்ந்தால் தாளின் மொத்த அகலம் 16.4 செ.மீ. முதல் கோட்டில் பின்னால் உள்நோக்கி மடித்து, இரண்டாவது கோட்டில் திரும்ப வெளிநோக்கி மடியுங்கள். கடைசி 1 செ.மீ. மட்டுமே பக்கத்தில் ஒட்டும். பசை முதல் மடிப்பில் படக் கூடாது. பட்டால் பை திறக்காது. நான் இரண்டு முறை அப்படி ஒட்டியிருக்கிறேன்.

கீழ்ப்பக்கத்துக்கும் இதே இரட்டை மடிப்புதான். மூலையில் 2 × 2 செ.மீ. சதுரத்தை வெட்டி எடுத்துவிட வேண்டும். வெட்டியதால் கீழ் மூலைகளில் சிறு இடைவெளி இருக்கும். கடிதக் கட்டு அதில் விழாது. நாணயம், மோதிரம், மணி போன்றவை விழும். அவற்றை முதலில் அடுத்துச் சொல்லப்போகும் மடிப்புக்குள் வைத்து, அந்த மடிப்பை இந்தப் பைக்குள் வையுங்கள்.

நான்காவது: விபூதி மடிப்பின் தங்கை

கோயிலில் கொடுத்த விபூதியைக் கையிலிருக்கும் துண்டுக் காகிதத்தில் மடித்து வீட்டுக்குக் கொண்டுவருவோமே, பசையும் இல்லை, டேப்பும் இல்லை, பஸ்ஸில் நசுங்கியும் ஒரு துளி சிந்தாது. மளிகைக் கடைப் பொட்டலத்துக்கும் இதே வித்தைதான். முதல் முடி, காய்ந்த பூ, கடற்கரை மணல், திருஷ்டி மணி எதுவும் இதில் நிற்கும்.

15 செ.மீ. சதுரத் தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான மடிப்பு உங்களை நோக்கி அடியில் இருக்கட்டும், உச்சி மேலே. இரண்டு சாய்வு ஓரங்களிலும் உச்சியிலிருந்து 6.2 செ.மீ. கீழே ஒரு புள்ளி குறியுங்கள். இடது மூலையை எடுத்து வலச் சாய்வின் புள்ளியில் வைத்து மடியுங்கள். மடித்த துண்டின் மேல் ஓரம் அடிக்கோட்டுக்கு இணையாகப் படுத்திருந்தால் சரி. பிறகு வலது மூலையை இடப் புள்ளிக்கு. இப்போது குழந்தைகள் செய்யும் காகித டம்ளர் வடிவம் வந்திருக்கும். சுமார் 8.8 செ.மீ. அகல வாய், 6.2 செ.மீ. உயரம். பொருளை வாய்க்குள் போட்டு, மேலே நிற்கும் இரண்டு காதுகளையும் சேர்த்து முன்னால் மடித்து, முன்பக்க மடிப்பின் இடுக்கில் செருகுங்கள். முடிந்தது.

முடிக்கு வெள்ளை பட்டர் பேப்பர் நல்லது, உள்ளே இருப்பது மங்கலாகத் தெரியும். பூ என்றால் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். இரண்டு டிஷ்யூ தாளுக்கு நடுவே வைத்து, தடிமனான புத்தகத்தில் மூன்று வாரம் அழுத்தி, நுனியில் தொட்டால் சரசரவென்று சத்தம் வந்த பிறகே ஆல்பத்துக்குள் விடுங்கள். மல்லிகை பழுப்பாகிவிடும், மனம் தளராதீர்கள். காகிதப்பூ நிறம் தாங்கும். மயிலிறகு வைக்கிறவர்கள் தட்டையான முதல் வகைப் பையில் வையுங்கள், மடிக்காமல். குட்டி போட்டால் எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.

ஐந்தாவது: துணிப் பை, கண்ணாடிப் பை

புடவை நைந்துபோனால் அதன் பார்டர் எப்படியும் மிஞ்சும். அதை அப்படியே பையாக்க முடியாது, நூல் பிரியும், துணி தொய்யும். பைக்கு வெட்டும் தாளைவிட நான்கு பக்கமும் 1 செ.மீ. கூடுதலாகத் துணியை வெட்டி, துணியைக் கவிழ்த்துப் போட்டு, தாளின் ஓரத்தில் மட்டும் மெல்லிய பசை தடவி அதன்மேல் வைத்து, கூடுதல் துணியை உள்ளே மடித்து ஒட்டுங்கள். நடுப்பரப்பில் பசை தடவினால் பட்டில் ஈரக்கறை எழும். பிறகு துணி போர்த்திய இந்தத் தாளைப் பக்கத்தோடு மூன்று பக்கமும் தையுங்கள். பசையில் நிற்கும் என்று நம்பாதீர்கள். சரிகை பிற்பாடு கறுக்கும், போட்டோவில் நேராக உரசாதபடி நடுவே ஒரு தாள் இருக்கட்டும்.

உள்ளே இருப்பது முழுசாகத் தெரிய வேண்டும் என்று பிளாஸ்டிக் பை வைக்கிறீர்களா? வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது ரெயின்கோட் வாசனை அடித்தால் அது பி.வி.சி. நாளாக நாளாகக் கசிந்து, போட்டோவோடு ஒட்டிக்கொள்ளும், அமிலமும் விடும். பாலிப்ரொப்பிலீன் அல்லது பாலியஸ்டர் தாள் என்று கேட்டு வாங்குங்கள். பழைய ஆல்பங்களில் போட்டோ பிளாஸ்டிக்கோடு ஒட்டி, பிரித்தால் முகமே உரிந்து வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

அலங்காரம்

இங்கேதான் எல்லோரும் கடைக்கு ஓடி ஸ்டிக்கர் வாங்குகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வீட்டில் கிடப்பதற்கு ஈடாகாது.

கல்யாணப் பத்திரிகைகள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும். பிள்ளையார் படம் இருப்பதால் குப்பையில் போட மனம் வராது, வைத்துக்கொள்ள இடமும் இருக்காது. அந்தப் பிள்ளையாரையும் மயில், வாழைமரம், நாதஸ்வர ஜோடியையும் நுணுக்கமாக வெட்டியெடுத்துப் பையின் நெற்றியில் ஒட்டுங்கள். பளபளக்கும் பொன்னச்சு மங்காமல் நிற்கிறது. மஞ்சள் தடவிய மூலைகளை மட்டும் விட்டுவிடுங்கள். அந்தக் கறை அடுத்த தாளுக்கும் ஏறும்.

எனக்குப் பிடித்தது வேறு. ஜூன் மாதம் பள்ளி நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் ஷீட் இருக்கிறதே, அதில் வெள்ளை ஜெல் பேனாவால் கோலம். செம்மண் வாசலில் மாக்கோலம் போட்டாற்போல இருக்கும். 5 புள்ளி 5 வரிசை, புள்ளிக்குப் புள்ளி 1 செ.மீ. விட்டால் நம் தபால் கார்டு பையில் கச்சிதமாக உட்காரும். பையை ஒட்டும் முன்பே, தாள் தட்டையாக இருக்கும்போதே கோலத்தைப் போட்டு முடித்துவிடுங்கள். பிரவுன் ஷீட் மெல்லியது, மலிவானது, அதனால் பையாக்காமல் 120 ஜி.எஸ்.எம். தாளின் வெளிமுகத்தில் போர்வையாக ஒட்டுங்கள். பொருள் நல்ல தாளைத் தொட்டுக்கொண்டிருக்கும், கோலம் வெளியே இருக்கும்.

எம்ப்ராய்டரி, கண்ணாடிச் சில்லு, கல், பொத்தான் எல்லாம் போடலாம்தான். ஆனால் எதிர்ப்பக்கத்தில் போட்டோ இருந்தால் ஆல்பத்தை மூடும்போதெல்லாம் அந்தக் கல் போட்டோவைக் குத்தும். மேடான அலங்காரத்தைப் பையின் கீழ் ஓரத்தோடு நிறுத்துங்கள். நடுவில் தட்டையாகவே இருக்கட்டும்.

பக்கத்தில் எங்கே?

கனமான பை தைப்புப் பக்கம், அதாவது ஆல்பத்தின் தாள்களைச் சேர்த்துக் கட்டும் ஓரத்தில், பக்கத்தின் கீழ்ப்பாதியில். வெளி ஓரத்தில் வைத்தால் பக்கம் தொங்கி வளையும். வாய் பெரும்பாலும் மேல்நோக்கி. பக்கவாட்டில் திறக்கும் பை வேண்டுமென்றால் வாய் தைப்பை நோக்கி இருக்கட்டும், மூடிய ஆல்பத்தில் பொருள் வெளியே நழுவ வழியில்லை. இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரே உயரத்தில் தடித்த பைகளை வைக்காதீர்கள். ஒன்று மேலே, ஒன்று கீழே.

பை சேரச் சேர ஆல்பம் முதலை வாயைப் போலப் பிளந்து நிற்கும். அதற்குத் தைப்பு ஓரத்தில் இட்டு நிரப்ப வேண்டும். 2 செ.மீ. அகல அட்டைப் பட்டைகளை வெட்டி, ஒவ்வொரு பக்கத்தின் பைகள் எவ்வளவு தடிமனோ அத்தனை பட்டைகளை அந்தப் பக்கத்தின் தைப்பு ஓரத்தில் ஒட்டிவிடுங்கள். ஸ்பைரல் பைண்டிங் போடுவதாக இருந்தால் பைகளை எல்லாம் செய்து முடித்த பிறகு கடைக்குக் கொண்டுபோங்கள். முதலில் பைண்டிங், பிறகு பை என்றால் சுருள் போதாமல் போகும்.

ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு சிறு அட்டை வைத்து, அதில் பென்சிலால் மூன்று விவரம் எழுதுங்கள்: என்ன பொருள், யாருடையது, எந்த வருடம். பேனா மை ஈரத்தில் பரவும், பென்சில் பரவாது. விவரத்தைக் கேட்க வேண்டியவர்களிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

முடிந்ததும் ஆல்பத்தை மூடி, தலைகீழாகப் பிடித்து, மெதுவாக இரண்டு முறை உலுக்குங்கள். எனக்கு அந்த வாடகை வீட்டுச் சாவி தொப்பென்று விழுந்தது. பையின் வாய்க்கு இருபுறமும் ஒரு துளை போட்டு நூல் கோத்து, ஒரு முடிச்சுப் போட்டேன். நிற்கிறது. அதற்குப் பிறகு வீட்டிலேயே வயதில் மூத்தவரிடம் கொடுத்து ஒவ்வொரு பொருளையும் எடுக்கச் சொல்லுங்கள். என் அம்மாவின் விரல் டிக்கெட் அடுக்கில் நுழையவில்லை. கீழ் வரிசை டிக்கெட்டுக்கு மட்டும் தலையில் ஒரு குட்டி ரிப்பன் வால் ஒட்டிய தாள் உறை போட வேண்டிவந்தது. டிக்கெட்டில் ரிப்பனை ஒட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆல்பம் சுவரை ஒட்டிய அலமாரியிலும் பரணிலும் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுவர் ஈரம் குடிக்கும், காகிதம் அதை உறிஞ்சும். ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் இருட்டும் பசையும் சேர்ந்த இடம்தான் வீடு. புதுச் செருப்புப் பெட்டியிலும் மாத்திரை டப்பாவிலும் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து வைத்து ஆல்பத்தின் பெட்டியில் போடுங்கள், ஆனால் பைக்குள் அல்ல. எங்கள் வீட்டில் துணியில் முடிந்த வசம்பும் பெட்டியின் மூலையில் கிடக்கும். நாப்தலின் உருண்டையை ஆல்பத்தோடு அடைத்து வைக்காதீர்கள். அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

பட்டுப்புடவைகளை வருடத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் உலர்த்துவோம் அல்லவா, அன்றைக்கே ஆல்பத்தையும் எடுங்கள். விசிறி போலப் பக்கங்களை விரித்து, மின்விசிறிக் காற்றில் அரை மணி நேரம் நிறுத்துங்கள். விபூதி மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள், புள்ளி விழுந்திருந்தால் தாளை மட்டும் மாற்றுங்கள். கடிதக் கட்டின் நூலை அவிழ்த்து, வேறு இடத்தில் முடிச்சு வரும்படி கட்டுங்கள். ஒரே இடத்தில் இருந்தால் தாளில் பள்ளம் விழும்.